எங்கள் மின்நிலையத்தின் வடக்கு

எனக்கு இருபத்தேழு வயது. நிலக்கரித் துறையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது.

சிரிக்காதீர்கள். ஓய்வு என்றால் என்ன? செய்துகொண்டிருந்த வேலை இனி கிடையாது. அதைப் பற்றி வாய் திறந்தால் சுற்றியிருப்பவர்கள் மொபைலை எடுத்துவிடுகிறார்கள். நாம் மட்டும் விடாமல் "எங்க காலத்துல" என்று ஆரம்பிக்கிறோம். மூன்றும் எனக்குப் பொருந்துகிறது. பென்ஷன் மட்டும்தான் வந்தபாடில்லை.

இப்போது இருப்பது ஹைதராபாத் மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. சோலார் பேனல்களை எந்த நிலத்தில் எப்படிப் பரப்பலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டும் மென்பொருள் செய்கிறோம். போன வாரம், மதுரையிலிருந்து புதிதாக வந்திருக்கும் தினேஷ் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

"அக்கா, இந்த நெலம் கோணலா இருக்கு. ஸ்க்ரீன்ல பேனல் எல்லாம் சாஞ்சு சாஞ்சு தெரியுது, பாக்கச் சகிக்கல. வடக்கைக் கொஞ்சம் திருப்பி வச்சுக்கிரவா?"

நான் போட்ட சத்தத்தில் அந்த மாடியே திரும்பிப் பார்த்தது.

"என்னக்கா, பாம்பைப் பாத்த மாதிரி கத்துறீங்க?"

"டேய், வடக்குல கைய வச்ச, கைய ஒடச்சிருவேன். நான் ஏற்கெனவே ஒரு தடவ வடக்கால அடிபட்டவ."

"வடக்கால எப்பிடிக்கா அடிபடும்?"

மத்தியானம் அவன் செலவில் பிரியாணி. சொன்னேன். தட்டில் இருந்த நல்லி எலும்பை மறந்துவிட்டுக் கேட்டான். மதுரைக்காரன் எலும்பை மறக்கிறான் என்றால் விஷயம் எழுதத் தகுந்தது என்று முடிவு செய்து எழுதுகிறேன்.

படித்தது மெக்கானிக்கல். அந்த நாலு வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பரீட்சை எழுதினேன், அதைவிட சிரத்தையாகக் கேன்டீனில் சமோசா சாப்பிட்டேன். வகுப்பில் எல்லாரும் கோடிங் பக்கம் ஓடியபோது நான் மட்டும் பேகம்பேட்டில், மின்நிலையங்களுக்கு டிசைன் போடும் ஒரு ஆபீசில் போய்ச் சேர்ந்தேன். காரணம் அப்பா.

அப்பா திருநெல்வேலிக்காரர். மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக வந்து, மல்லாபூரில் வீடு கட்டி, ஹைதராபாத்தில் முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் திருநெல்வேலியிலேயே பேசிக்கொண்டிருப்பவர். எதைப் பார்த்தாலும் விரல் முட்டியால் தட்டுவார். புது ஃப்ரிட்ஜ், தர்பூசணி, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய கார், என் காலேஜ் மெடல், எல்லாமே அவரிடம் தட்டு வாங்கியிருக்கின்றன. சத்தத்தை வைத்தே பொருள் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவார். மெடல் தேறவில்லை.

நான் வேலைக்குப் போன புதிதில் தினமும் வீட்டில் ஒரு விசாரணை நடக்கும்.

"இன்னைக்கு என்னட்டி செஞ்ச?"

"கன்வேயர் ஒண்ணு செஞ்சேம்ப்பா. நெலக்கரி போற பெல்ட்டு."

"எங்க இருக்கு?"

"கம்ப்யூட்டர்ல."

"தட்டிப் பாக்க முடியுமா?"

"கம்ப்யூட்டர வேணா தட்டலாம்."

"அப்ப நீ ஒண்ணும் செய்யலட்டி. நெனச்சிருக்க."

இந்த மனுஷன் வாயை அடைக்க ஒரே வழிதான் இருந்தது. நான் வரைந்தது ஒன்றாவது தரையில் நிற்க வேண்டும், அவர் அதைத் தட்டிப் பார்க்க வேண்டும். என் தொழில் லட்சியம் மொத்தமும் அவ்வளவுதான். அதற்கு வாகாக எனக்கு வாய்த்தது ஒரு பூதம்.

ஆந்திராப் பக்கம், ஹைதராபாத்திலிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரத்தில், அலுமினியம் உருக்கும் ஆலை ஒன்று வருவதாக இருந்தது. ஸ்மெல்டர் என்பார்கள். ஒரு கிலோமீட்டர் நீளக் கொட்டகைக்குள் தொட்டி தொட்டியாக வரிசை. அந்தத் தொட்டிகளை 'பாட்' என்பார்கள், கொட்டகை 'பாட் ரூம்'. தொட்டிக்குள் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தொடர்ந்து சில மணி நேரம் நின்றுபோனால் உள்ளே இருப்பது பாறையாக இறுகிவிடும், அப்புறம் கொத்தித்தான் எடுக்க வேண்டும். தீபாவளி, பொங்கல், புயல் எதுவும் அதற்குக் கிடையாது. அதனால் ஸ்மெல்டருக்குப் பக்கத்திலேயே அதற்கென்று சொந்தமாக ஒரு நிலக்கரி மின்நிலையம். ஸ்மெல்டரை வரைந்தது கொல்கத்தாவில் ஒரு கம்பெனி. மின்நிலையத்தை வரைந்தது நாங்கள். சிம்னி மட்டும் சார்மினார் மேல் சார்மினாராக ஐந்து அடுக்கினால் வரும் உயரம். அதைத் தட்ட அப்பா ரயிலேறி வருவார் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது.

எங்கள் மேலாளர் விஜி மேடம். தஞ்சாவூர்க் குடும்பம், பிறந்து வளர்ந்தது முழுக்க ஹைதராபாத். தமிழில் பேசிக்கொண்டே இருக்கும்போது நடுவில் 'நக்கோ' என்று ஒரு வெட்டு வெட்டுவார். வேண்டாம் என்று அர்த்தம். அதற்கு மேல் கோபம் அவரிடம் கிடையாது. சத்தம் போட்டு யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, "வா, நட" என்று சொன்னால் அவ்வளவுதான், மாட்டினோம்.

அது அவருடைய ரிவ்யூ முறை. மற்ற ஆபீஸ்களில் வரைபடத்தை மேஜையில் விரித்துச் சிவப்புப் பேனாவால் கிறுக்குவார்கள். இவர் வரைபடத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவார். நாம் கண்ணை மூடிக்கொண்டு, நாம் வரைந்த இடத்துக்குள் வாயாலேயே நடந்து காட்ட வேண்டும். எந்தக் கதவு, எந்தப் படி, எந்தப் பக்கம் திரும்பினோம், கை எதைப் பிடித்தது, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். தெரியாமல் திக்கினால் அந்த இடத்தில் டிசைன் இல்லை என்று அர்த்தம்.

என் முதல் நடை ஒரு வால்வுக்காக. பாய்லர் பக்கத்தில் அழகாக ஒரு வால்வு வைத்திருந்தேன்.

"உனக்கு அம்பத்தஞ்சு வயசு. முட்டி வலி. மே மாசம், மத்தியானம். அந்த வால்வை உடனே மூடணும். நட மா."

"ஏணிகிட்ட போறேன் மேடம். ஏறுறேன்."

"ஸ்பேனர் எந்தக் கையில?"

"வலது கையில."

"ஏணிய?"

"இடது கையால பிடிச்சிருக்கேன்."

"சரி. ஏணில நின்னுட்டே வால்வை எதால திருப்புவ? பல்லாலயா?"

பக்கத்து மேஜையில் இம்ரான் விழுந்து விழுந்து சிரித்தான். இம்ரான் சார்மினார் பக்கத்துப் பையன். நாங்கள் எல்லாரும் வரைவதைச் சேர்த்து முப்பரிமாண மாடலாகக் கோக்கிற வேலை அவனுடையது. எல்லார் தப்பும் முதலில் அவன் கண்ணில்தான் படும். அவன் சொல்ல மாட்டான், சிரிப்பான்.

அந்த வால்வுக்கு ஒரு மேடை போட்டேன். மேடைக்குப் படிக்கட்டு, படிக்கட்டுக்குக் கைப்பிடி. மறுபடி நடந்தேன். இந்தத் தடவை கைப்பிடி வெயிலில் சுடுகிறது என்று நானாகவே சொன்னேன். மேடம் டிஃபன் டப்பாவிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து என் கீபோர்டு மேல் வைத்துவிட்டுப் போனார். அந்த ஆபீசில் அதுதான் பாஸ் மார்க்.

இப்படியே ஒன்றரை வருடம். மனுஷியாக நடந்து முடித்ததும் நிலக்கரியாக நடக்கச் சொன்னார். வேகனிலிருந்து கவிழ்ந்து, பெல்ட்டில் ஏறி, அரைபட்டு, எரிந்து, சாம்பலாகிச் சாம்பல் குளத்தில் போய் உட்காரும் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டே போயிருக்கிறேன். என் வீட்டு மாடிப்படி எத்தனை என்று கேட்டால் முழிப்பேன். அந்த மின்நிலையத்தில் எந்தப் படிக்கட்டில் எங்கே திரும்ப வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

கிளையன்ட்டோடு பெரிய ரிவ்யூ வர ஒரு வாரம் இருந்தது. அன்றைக்குக் காலையில் மேடம் எழுந்து நின்றார்.

"இன்னிக்கு நீ கரண்ட். ஜெனரேட்டர்ல பொறந்திருக்க. பாட் ரூம் வரைக்கும் நட."

சந்தோஷமாகக் கிளம்பினேன். ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர், வெளியே ஸ்விட்ச் யார்டு, கம்பி, முதல் டவர், எங்கள் வடக்குச் சுவர். சுவருக்கு மேலே தாண்டினேன்.

"அப்புறம்?"

"அப்புறம் ஸ்மெல்டர் மேடம். அவங்க டிராயிங்."

"கரண்ட் டிராயிங் மாத்திக்குமா? நட மா, நிக்காத."

கொல்கத்தாக்காரர்களின் வரைபடத்தை எடுத்து எங்களுடையதற்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் மூலையில் வடக்கு அம்புக்குறி மேலே பார்த்துக்கொண்டு நின்றது. எங்கள் கம்பி வடக்குச் சுவரில் வெளியேறுகிறது. அவர்கள் தெற்குச் சுவரில் வாங்கிக்கொள்கிறார்கள். எல்லாம் சரி. ஆனால் இரண்டு காகிதத்திலும் ஒரு ரயில் பாதை இருந்தது. அந்த ஊரில் இருப்பது ஒரே ஒரு பாதைதான். எங்கள் காகிதத்தில் அது அடியில் கோடு கிழித்த மாதிரி நேராகப் போனது. அவர்கள் காகிதத்தில் அதே பாதை மூலையைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போனது.

"மேடம், ரயில் திரும்பியிருக்கு."

அவர் இரண்டையும் குனிந்து பார்த்தார்.

"ரயில் திரும்பல நித்யா. வடக்கு திரும்பியிருக்கு."

இதை விளக்கியே ஆக வேண்டும். நிலம் காகிதத்துக்கு ஏற்ற மாதிரி எப்போதும் நேராக அமையாது. கோணல் நிலத்தில் கட்டடங்களைச் சாய்வாக வரைந்து யாரும் கஷ்டப்படுவதில்லை. கட்டடத்தை நேராக வரைந்துவிட்டு, எந்தப் பக்கம் காகிதத்தில் மேலே வருகிறதோ அதற்கு வடக்கு என்று பெயர் வைத்துக்கொள்வார்கள். அதற்கு 'பிளான்ட் நார்த்'. ஆலைக்குள் மட்டும் செல்லுபடியாகும் வடக்கு. எல்லா ஆபீசிலும் உள்ள வழக்கம்தான், தப்பு கிடையாது. நாங்கள் ரயில் பாதையை ஒட்டி எங்கள் வடக்கை வைத்தோம், வேகன்கள் நேராக உள்ளே வர வேண்டுமே. அவர்கள் காற்றடிக்கும் திசைக்கு ஏற்ப பாட் ரூமை வைத்து, அதற்கு ஏற்ப அவர்கள் வடக்கை வைத்தார்கள், உள்ளே சூடு தங்கக்கூடாதே. இரண்டு பேருக்கும் நல்ல காரணம். இரண்டு பேரும் அடுத்தவரின் வடக்கைத் தன் வடக்கு என்றே நினைத்துக்கொண்டு ஒன்றரை வருடமாக ஈமெயிலில் 'வித் வார்ம் ரிகார்ட்ஸ்' போட்டுக்கொண்டிருந்தோம்.

இம்ரான் ரயில் பாதையை ரயில் பாதை மேல் பொருத்தி இரண்டு மாடலையும் ஒன்றாகக் கோத்தான். அப்புறம், முதல் தடவையாக, சிரிக்கவில்லை.

"நித்யா, இதர் ஆவ். தேக்." இங்கே வந்து பார் என்று.

பார்த்தேன். ஒரு கிலோமீட்டர் நீளக் கட்டடம். ஒரு முனையில் கொஞ்சம் திரும்பினால் போதும், மறுமுனை எங்கேயோ போய்விடும். போயிருந்தது. எங்கள் சுவரைத் தாண்டி உள்ளே வந்து, பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தி மாதிரி எங்கள் சிம்னியை நடுவில் குத்திக்கொண்டு நின்றது பாட் ரூம். எங்கள் கம்பியோ கம்பீரமாகப் போய் அவர்கள் கேன்டீனின் சமையல்கட்டுக்குள் நுழைந்திருந்தது.

"கரண்ட் இட்லி வேகவைக்கப் போயிடுச்சு மேடம்" என்றேன். பயத்தில் எனக்கு ஜோக் வரும்.

"நக்கோ" என்றார் மேடம்.

ரிவ்யூ அன்றைக்குக் கிளையன்ட் சார்பில் வந்தவர் ராவ் காரு. அறுபது வயது, விஜயவாடா பக்கம், சட்டைப் பையில் எப்போதும் சோம்பு. கொல்கத்தா சார்பில் சாட்டர்ஜி, திரையில். மேடம் சுற்றி வளைக்காமல் படத்தைக் காட்டினார். ராவ் காரு சோம்பு மெல்லுவதை நிறுத்தினார்.

"அம்மா, இதேன்டம்மா இதி? சிம்னி லோபல உந்தே!"

"ஆமாங்க சார். உள்ளதான் இருக்கு."

சாட்டர்ஜி தொண்டையைச் செருமி, பாட் ரூமைத் திருப்ப முடியாது, காற்று சம்மதிக்காது என்றார். மேடம், ரயில் பாதையைத் திருப்ப முடியாது, ரயில்வே சம்மதிக்காது என்றார். அப்படியானால் யாராவது ஒருவர் தன் வடக்கைத் திருப்பட்டும், எல்லா வரைபடங்களையும் மறுபடி போடட்டும் என்றார் ராவ் காரு. வடக்கைத் திருப்பினால் ஒன்றரை வருட வேலையை முதலிலிருந்து தொட வேண்டும். எங்கள் ஆபீசில் அதற்கு ஆளில்லை. இங்கேயே ஊற்றி மூடிவிடுவார்களோ, அப்பா தட்டாமலே போய்விடுவாரோ என்று எனக்குப் பயம்.

மேடம் எழுந்து நின்றார். எனக்கு அது எதற்கு அடையாளம் என்று தெரியும், பாவம் ராவ் காருவுக்குத் தெரியாது.

"சார், நீங்க ஒரு சர்வேயர். சைட்ல நிக்கிறீங்க. கையில ரெண்டு டிராயிங். எந்தப் பக்கம் நடப்பீங்க?"

ராவ் காரு யோசித்தார். நிஜமாகவே கண்ணை மூடினார். "எடு போவாலோ தெலீதம்மா" என்றார். எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை.

"அதான். வடக்கு ரெண்டும் இருக்கட்டும். யாரும் திருப்ப நக்கோ. நிலத்துல ஒரு தூண் நடுவோம். அதுல மூணு அம்பு. நிஜ வடக்கு, எங்க வடக்கு, அவங்க வடக்கு. இனிமே ரெண்டு பேரும் அந்தத் தூண்லேருந்துதான் அளக்கணும். ஸ்மெல்டரைத் திருப்பாம, ரயில் ஓரமா அப்படியே தள்ளிடலாம். அங்க பின்னால விரிவாக்கத்துக்குன்னு காலி நிலம் இருக்கில்ல?"

தள்ளினார்கள். ஒரு கிலோமீட்டர் நீள ஆலையை அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தள்ளி முடித்தான் இம்ரான். காகிதத்தில் இருக்கும் வரைக்கும் எதுவும் கனமில்லை.

"தூணை எப்ப நடறது?" என்று கேட்டார் ராவ் காரு.

"உடனே. எல்லாத்துக்கும் முன்னாடி. பேப்பர்ல இருக்கிற வரைக்கும் சண்டை போட்டுட்டே இருப்போம். கான்கிரீட்னா வாய மூடிடுவோம்."

அந்தத் தூணின் டிசைன் என் தலையில் விழுந்தது. முழங்கால் உயரக் கான்கிரீட். ஆபீசே என்னை ஓட்டியது. சிம்னி டிசைனர், பாய்லர் டிசைனர், நான் தூண் டிசைனர். மேலே பித்தளைத் தகட்டில் அம்புகள் போட்டிருந்தேன். ராவ் காரு பார்த்துவிட்டு, "பித்தளையா? ஒக்க வாரம்லோ பழைய இரும்புக் கடையில இருக்கும்மா" என்று தெலுங்கும் தமிழுமாகச் சிரித்தார். தகட்டை எடுத்துவிட்டு, கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே அம்புகளைப் பள்ளமாகப் பதிக்கச் சொல்லி மாற்றினேன். மேடத்திடம் கொண்டுபோனேன். தூணுக்கு என்ன நடை இருக்கப் போகிறது என்று நினைத்தேன்.

"இப்ப நீ மழை. தூண் மேல விழற. நட."

"தூண் மேல... அங்கயே நிக்கிறேன் மேடம்."

"நின்னா பாசி பிடிக்கும். பாசி பிடிச்சா அம்பு தெரியாது."

மேல்பரப்புக்குச் சரிவு கொடுத்தேன். அந்தத் தடவை இரண்டு முறுக்கு.

வரைபடத்தின் மூலையில் 'கட்டுவதற்கு வழங்கப்பட்டது' என்ற முத்திரை விழுந்தது. அந்த மின்நிலையத்துக்காக நாங்கள் வரைந்த நூற்றுக்கணக்கான தாள்களில் அந்த முத்திரை வாங்கிய முதல் தாள் அதுதான். சைட்டில் அதைக் கட்டி முடித்துப் போட்டோ அனுப்பினார்கள். அப்பாவிடம் காட்டினேன். மொபைல் திரையைத் தட்டிவிட்டுத் திருப்பித் தந்தார்.

"போட்டோட்டி."

"சிம்னி வரட்டும்ப்பா, கூட்டிட்டுப் போறேன்."

கடைசி ரிவ்யூவில் மேடம் என்னிடம் ஒரே ஒரு குறை சொன்னார். பாய்லர் பக்கத்துக் கீழ்த்தளத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் ஆள் உயரத்துக்குத் தாழ்வாகப் போகிறது, தலை இடிக்கும். திங்கட்கிழமை உயர்த்திவிடுகிறேன் என்றேன். அந்தத் திங்கட்கிழமை காலையில் ஈமெயில் வந்தது.

கிளையன்ட் கம்பெனி திட்டத்தைக் கைவிட்டுவிட்டது. நிலக்கரிக்குக் கடன் தர வங்கிகள் இழுத்தன. வெயிலிலும் காற்றிலும் எடுக்கிற கரண்ட் மலிவாகிவிட்டது. ஸ்மெல்டரையே தள்ளிப்போட்டுவிட்டு, பின்னால் கட்டினாலும் வெளியிலிருந்து கரண்ட் வாங்கிக்கொள்ளலாம் என்று தீர்மானித்துவிட்டார்கள். மூன்றே வரி.

ஊருக்கு நல்லது. நானும் மூச்சு விடுகிறவள்தான், அந்தப் புகையை நினைத்து நான் ஏங்கவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த மூன்று வரியைப் படித்துவிட்டு நான் முதலில் நினைத்தது காற்றையோ கரியையோ இல்லை. அந்தப் படிக்கட்டுகளை. கைப்பிடி சுடும் அந்த மேடையை. இனி யாருக்கும் முட்டி வலிக்காது.

"கைக்கு ரோ ரயி?" என்றான் இம்ரான். ஏன் அழுகிறாய் என்று.

"அழல. ஏசி."

"ஹவ், ஏசி" என்று ஆமாம் போட்டுவிட்டுத் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மேடம் வந்து என் திரையைப் பார்த்தார். குழாய் அப்படியே தாழ்வாக இருந்தது.

"தூக்கிடவா மேடம்? அஞ்சு நிமிஷம்தான்."

"நக்கோ மா" என்றார், ரொம்ப மெதுவாக. மாடலை அன்றைக்கே பூட்டி ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள்.

மேடம் இப்போது ஒரு காற்றாலைக் கம்பெனியில் இருக்கிறார். இம்ரான் மெட்ரோ வேலைக்குப் போனான். நான் இங்கே. சூரியனிடம் எங்கள் வடக்கு செல்லாது, நிஜ வடக்கை வைத்துத்தான் பேனலைத் தெற்கே சாய்க்க வேண்டும். தினேஷ் மேல் நான் பாய்ந்தது அதனால்தான்.

இதோடு முடிந்ததென்று தினேஷ் கை கழுவப் போனான். உட்காரு என்றேன்.

போன தை மாதம் விசாகப்பட்டினத்தில் அத்தை பையன் கல்யாணம். நானும் அப்பாவும் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். நெடுஞ்சாலையில் அந்த ஊர்ப் பெயர்ப் பலகை வந்தது. நான் வண்டியைத் திருப்பிவிட்டேன்.

"எங்கட்டி போற?"

"ஆபீசுக்கு."

ரயில் பாதை இருந்தது. அதை ஒட்டித் துவரை காய்த்து நின்றது. சுவர் இல்லை, டவர் இல்லை, ஒரு செங்கல் இல்லை. துவரைக்கு நடுவில் வெறும் திடல் ஒன்று. அதில் முழங்கால் உயரத்துக்கு என் தூண். தூணில் ஒரு எருமை கண்ணை மூடிக்கொண்டு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"எரும சாஞ்சும் அசையலியே" என்றார் அப்பா. "அடியில எவ்வளவு எறக்கியிருக்க?"

"மேல இருக்கிறதுக்கு ரெண்டு மடங்கு."

எருமைக்காரம்மா வேலியோரத்திலிருந்து எழுந்து வந்து எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "கம்பெனிவாள்ளா? மள்ளீ வஸ்தாரா?" கம்பெனிக்காரர்களா, மறுபடி வருவார்களா என்று.

"ராரம்மா" என்றார் அப்பா. வர மாட்டார்கள்.

அந்தம்மா எருமையைத் தட்டி ஓட்டினார். "ராயி மஞ்சிதி" என்று தூணைக் காட்டிச் சொன்னார். கல் நல்ல கல்லாம்.

அப்பா குனிந்தார். தட்டினார். ஒரு தடவை, அப்புறம் பக்கவாட்டில் ஒரு தடவை. காதைச் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்டார். அம்புப் பள்ளங்களில் விரலை ஓட்டினார். மொபைலை எடுத்துத் திசைகாட்டியைத் திறந்து தூண் மேல் வைத்தார்.

"இந்த அம்பு சரியா இருக்கு. மத்த ரெண்டும் என்னட்டி, கோணலா?"

"நடுவுல இருக்கிறது எங்க வடக்குப்பா. அந்தாண்ட அவங்க வடக்கு."

"ஊருக்கு ஒரு வடக்கா வச்சிருந்திய?" உள்ளங்கையால் மேல்பரப்பைத் தடவினார். நின்றார். மறுபடி தடவினார். "சரிவு குடுத்திருக்க."

"மழைத் தண்ணி நிக்கக் கூடாதுல்லா."

"ம்." அவ்வளவுதான். அந்த 'ம்'மை நான் ஃப்ரேம் போட்டு மாட்டலாம். நிமிர்ந்து திடலைச் சுற்றிப் பார்த்தார். "மத்ததெல்லாம் எங்கன வந்திருக்கும்?"

நான் எங்கள் வடக்கைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

"கண்ண மூடுங்கப்பா. கையக் குடுங்க."

"எதுக்குட்டி?"

"நடங்க."

மூடினார். கூட்டிக்கொண்டு போனேன். இது கரிமேடு, இது பெல்ட், சத்தமாக இருக்கும். இப்போது வலது பக்கம். இது பாய்லர், சூடு அடிக்கும், கொஞ்சம் தள்ளி வாங்க. துவரைச் செடிகள் எங்கள் இடுப்பில் உரசின. அவர் ஒரு தடவைகூடக் கண் திறக்கவில்லை. கீழ்த்தளத்துக்கு வந்தோம்.

"இங்க தலையக் குனிங்கப்பா. குழா."

வெட்டவெளியில், தலைக்கு மேல் ஒன்றுமே இல்லாத இடத்தில், அப்பா தலையைக் குனிந்து கடந்தார். கடந்து இரண்டு எட்டு வைத்த பிறகு நின்று, கண்ணைத் திறக்காமலே திரும்பி மேலே கையை நீட்டினார்.

"இவ்வளவு தாழவாட்டி குழா போடுவ? மனுசன் நடக்கண்டாமா?"